நடுவே எல்லை ஓடும் தெருவில் குடியிருப்பவருக்குச் சுங்க விதி என்ன?

ஜூஜூவாடிக்காரர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகன் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஷெர்புரூக் நகரில் பணி அனுமதி பெற்று வேலை பார்க்கிறார். அங்கிருந்து தெற்கே, அமெரிக்க எல்லையை ஒட்டியுள்ள ஸ்டான்ஸ்டெட் என்ற சிற்றூரில் வாடகை குறைவு என்று கேள்விப்பட்டு வீடு தேடிக்கொண்டிருக்கிறார். அவ்வூரில் கனூசா என்றொரு தெரு உண்டாம். தெருவின் நடுக்கோடே இரு நாடுகளின் எல்லை. வடக்கு வரிசை வீடுகள் கனடாவிலும், தெற்கு வரிசை வீடுகள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் இருக்கின்றனவாம். வடக்கு வரிசையில் ஒரு மாடிவீடு காலியாக இருக்கிறது, எடுக்கலாமா என்று என்னைக் கேட்கிறார்.

எல்லையில் வாழ்வது எனக்குப் புதிதன்று. எங்கள் ஊரைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. அங்கே தேநீர் குடித்துவிட்டு வருவதற்கு யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அது மாநில எல்லை. நாட்டு எல்லை தெருவின் நடுவே ஓடினால், எதிர் வீட்டாரைப் பார்க்கப் போவதற்கும் அனுமதி வேண்டுமா, எதிர்ப் பக்கத்தில் ஒரு பொருள் வாங்கினால் சுங்கம் உண்டா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்கும்.

கிருஷ்ணகிரி வழக்குரைஞர்

ஐயா, உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிச் சட்டங்கள் கலந்திருக்கின்றன. ஆள் எல்லையைத் தாண்டுவது ஒன்று, பொருள் தாண்டுவது மற்றொன்று.

முதலில் ஆள். அமெரிக்கச் சுங்கச் சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வரும் எவரும் அரசு குறித்துள்ள எல்லை வாயில் வழியாக மட்டுமே நுழைய வேண்டும். நுழைந்த உடனே அங்குள்ள அலுவலரிடம் தம் வருகையைத் தெரிவிக்க வேண்டும். மீறுபவருக்கு முதன்முறை 5,000 டாலரும், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 10,000 டாலரும் தண்டம் விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. கனடாவின் சுங்கச் சட்டம் 11-ஆம் பிரிவும் ஏறக்குறைய இதே கடமையைத்தான் சுமத்துகிறது. சுங்க அலுவலகங்கள் கனூசா தெருவின் ஒரு முனையில் இருக்கின்றன. ஆகவே எதிர் வீட்டுக்குப் போக விரும்புபவர் நேரே தெருவைக் கடக்காமல் முனைவரை சென்று, அமெரிக்க அலுவலரிடம் ஆவணம் காட்டி, எதிர் வரிசை வழியாகத் திரும்பி வந்து அந்த வாசலில் நிற்க வேண்டும். வீடு திரும்பும்போது கனடா அலுவலகத்தில் இதே வேலை மறுபடியும் உண்டு. கனடா, அமெரிக்கக் குடிமக்களுக்கு இது வெறும் அலுப்பு. உங்கள் மருமகனோ இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். அமெரிக்க விசா கையில் இல்லாவிட்டால், கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த வீட்டுக்கு அவர் போகவே முடியாது. ஒன்று மட்டும் ஆறுதல்: அந்தத் தெரு கியூபெக் மாகாணத்தின் 247-ஆம் எண் சாலையாகவும் இருப்பதால், தெருவோடு வண்டி ஓட்டிச் செல்வதை யாரும் எல்லைத் தாண்டலாகக் கொள்வதில்லை. எதிர்ப்பக்க வாசலுக்குள் வண்டியைத் திருப்பும்போதுதான் சட்டம் விழித்துக்கொள்கிறது.

அடுத்து பொருள். கனடாவில் வசிப்பவர் வெளிநாடு சென்று 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் அவருக்கு வரிவிலக்கு அளவு என்று எதுவுமே கிடையாது. 24 மணி நேரம் கடந்தால் 200 கனடிய டாலர், 48 மணி நேரம் கடந்தால் 800 கனடிய டாலர் மதிப்புள்ள பொருள்வரை விலக்கு உண்டு. புளோரிடாவுக்குப் போய் இரண்டு இரவு தங்கி வருபவர் 800 டாலருக்குப் பொருள் கொண்டுவரலாம். எதிர் வரிசையில் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு வருபவர் அதன் முழு மதிப்பையும் அறிவிக்க வேண்டும். தூரம் சட்டத்துக்குப் பொருட்டில்லை. எவ்வளவு நேரம் நாட்டுக்கு வெளியே இருந்தார் என்பதே கணக்கு. தெருவில் வாழ்பவர்களை மனத்தில் வைத்து இந்த விதி எழுதப்படவில்லை என்பது படித்தவுடனே தெரிகிறது.

பர்கூர் ஜவுளி

எல்லாம் சரி, ஆனால் ஒரு தெருவைக் கடப்பதை யார் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

கிருஷ்ணகிரி வழக்குரைஞர்

பார்க்கிறார்கள். அமெரிக்க எல்லைக் காவல் படையின் சுற்றுக்காவல் அந்தப் பகுதியில் வழக்கமான ஒன்று. அப்படியே யாரும் பார்க்காவிட்டாலும், பணி அனுமதியில் இருப்பவர், நாளைக்கு நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர், தம் பெயரில் ஒரு எல்லை மீறல் பதிவாகும் வாய்ப்பை ஏற்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனமாகாது.

சூளகிரி சரக்குந்து

நான் ஓசூர் வழியாகச் சரக்கு ஏற்றி அனுப்பும் தொழிலில் இருப்பவன். வெளிநாட்டுத் தெருவைப் பற்றி எனக்குத் தெரியாது. நம் எல்லையில் நடந்ததைச் சொல்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு வணிகவரிச் சோதனைச்சாவடியில் வண்டி வரிசை எப்படி நிற்கும் என்பதை ஓசூர்ப் பக்கத்து ஓட்டுநர்களைக் கேட்டால் சொல்வார்கள். கிளீனர் பையன் காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சாளரத்துக்குச் சாளரம் ஓடுவான். ஒரு முத்திரை குறைந்தாலும் வண்டி ஓரங்கட்டப்படும். உள்ளே தக்காளி இருந்தால் கசியத் தொடங்கிவிடும். அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஆனால் சோதனை ஒழிந்துவிட்டது என்று எண்ணக்கூடாது. அது காகிதத்துக்குள் புகுந்துகொண்டது. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட வரிக்குரிய சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போனால் 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் என்ற மின்னணுச் சரக்குச் சீட்டு இருக்க வேண்டும். எல்லையில் யாரும் நிறுத்தாவிட்டாலும், பெங்களூருக்குள்ளோ சேலம் சாலையிலோ பறக்கும் படை நிறுத்தி எண்ணைத் தட்டிப் பார்க்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிருஷ்ணகிரி மாங்காய் லோடு பழமாகவே போனால் அதற்கு வரி இல்லை, ஆகவே பில்லும் இல்லை. அதே பழம் தொழிற்சாலையில் கூழாகி டப்பாவில் அடைபட்டுப் போனால் வரியும் உண்டு, பில்லும் உண்டு. ஓசூர் ரோஜாவுக்கும் ராயக்கோட்டைத் தக்காளிக்கும் விலக்கு உண்டு. எல்லைக் கோடு அப்படியேதான் இருக்கிறது. வண்டியில் இருப்பது என்ன என்பதைப் பொறுத்து அது ஒருவருக்கு இருக்கிறது, இன்னொருவருக்கு இல்லை.

தென்பெண்ணைக் கரை

டீசலும் மதுவும் மட்டும் ஏன் இன்னும் எல்லையில் விலை மாறுகின்றன? அத்திப்பள்ளியில் வாங்கிய பாட்டிலை ஓசூருக்குக் கொண்டுவந்தால் பிடிக்கிறார்களே, அது எந்தச் சுங்கம்?

கிருஷ்ணகிரி வழக்குரைஞர்

அது சுங்கமே அன்று. பெட்ரோல், டீசலுக்கு ஜி.எஸ்.டி. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. மனிதர் அருந்தும் மது அந்த வரிக்கு முற்றிலும் வெளியே நிற்கிறது. இரண்டுக்கும் மாநிலங்கள் தனித்தனியே வரி விதிக்கின்றன. பிற மாநிலத்தில் வாங்கிய மதுவை அனுமதியின்றிக் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-இன்படி குற்றம். நாடெங்கும் வணிகமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்கலாம் என்பது அரசமைப்பின் 301-ஆம் பிரிவு. ஆனால் மது விஷயத்தில் அந்த உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது. மது பற்றிய பேச்சு இந்த இழையில் இத்துடன் போதும் என்று நினைக்கிறேன், தெருவுக்குத் திரும்புவோம்.

தகடூர் ஆய்வு மாணவி

வணக்கம். தருமபுரியில் புவியியல் முதுகலை படிக்கிறேன். எல்லைத் தெருக்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காகச் சிறிது படித்திருக்கிறேன். எல்லை எங்கே ஓடுகிறது என்பதைக் காட்டிலும், சோதனை எந்த இடத்தில் நடக்கிறது என்பதுதான் தெருவின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கனூசா தெருவில் கோட்டைத் தாண்டியவர் தாமே போய்த் தெரிவிக்க வேண்டும். இதற்கு நேர்மாறான ஏற்பாடு ஹாங்காங்குக்கும் சீனாவின் ஷென்ஜென் நகரத்துக்கும் இடையிலுள்ள சுங் யிங் தெருவில் இருக்கிறது.

1898-இல் பிரிட்டன், ஹாங்காங்கின் வடக்கிலுள்ள 'புதிய பகுதிகள்' என்ற நிலப்பரப்பை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. மறு ஆண்டு எல்லையைக் குறித்தார்கள். ஷா டாவ் கோக் என்ற இடத்தில் அந்தக் கோடு வறண்டுபோன ஒரு ஓடையின் வழியே சென்றது. ஓடை பிறகு தெருவானது. ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும், சில மீட்டர் அகலமுமே உள்ள சிறிய கடைத்தெரு அது. தெருவுக்குள் சோதனை எதுவும் இல்லை. ஒரு கடையில் நின்று எதிர்க் கடைக்காரரிடம் பேரம் பேசலாம். ஆனால் தெருவுக்குள் நுழைவதற்கே சீனப் பக்கத்தில் சிறப்பு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். திரும்பும்போது வாங்கிய பொருளைச் சுங்க அலுவலர் பார்ப்பார். ஹாங்காங் பக்கத்தில் 1951 முதல் அந்த வட்டாரம் தடுக்கப்பட்ட எல்லைப் பகுதி. ஷா டாவ் கோக்கின் சில பகுதிகளை 2022 முதல் படிப்படியாகச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்தபோதும், இந்தத் தெருவை அதில் சேர்க்கவில்லை. அதாவது நடுவில் தடை ஏதும் இல்லை, ஆனால் இரண்டு முனைகளிலும் பூட்டு.

பர்கூர் ஜவுளி

1997-இல் ஹாங்காங் சீனாவிடம் திரும்பிவிட்டதே, அதன் பிறகும் எதற்கு இந்தக் கட்டுப்பாடு?

தகடூர் ஆய்வு மாணவி

இறையாண்மை மாறியது, அண்ணா, சுங்கம் மாறவில்லை. ஹாங்காங்கின் அடிப்படைச் சட்டம் 116-ஆம் பிரிவு அதைத் தனிச் சுங்கப் பகுதி என்று வரையறுக்கிறது. ஒரே நாட்டுக்குள் சுங்க எல்லை இருக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. 1980-களில் சீனப் பக்கத்திலிருந்து மக்கள் திரண்டு வந்து அந்தத் தெருவில் தங்கம் வாங்கியதற்கும் இந்த வேறுபாடுதான் காரணம்.

பாலக்கோடு ஆசிரியர்

மாணவி சொல்லும் கருத்தை ஏற்கிறேன், ஆனால் அது முழுமையன்று. சோதனையே இல்லாத இடத்திலும் எல்லை தெருவை விட்டுப் போவதில்லை என்பதற்கு பார்லே என்ற ஊரைச் சொல்வேன்.

நெதர்லாந்துக்குள் பெல்ஜியத்துக்குச் சொந்தமான 22 துண்டு நிலங்கள் அந்த ஊரில் இருக்கின்றன. அவற்றுக்குள்ளேயே மறுபடியும் நெதர்லாந்தின் ஏழு துண்டுகள் இருக்கின்றன. பிரபுக்களிடையே 1198-இல் நடந்த நிலப் பங்கீட்டிலிருந்து இந்தச் சிக்கல் தொடங்குகிறது. நம் பக்கம் பட்டா பிரித்துப் பிரித்து ஒரே சர்வே எண்ணுக்குள் உட்பிரிவுகள் பெருகிப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகளைப் பதித்து, ஒரு பக்கம் பெல்ஜியத்தின் எழுத்தையும் மறுபக்கம் நெதர்லாந்தின் எழுத்தையும் எழுதியிருக்கிறார்கள். எல்லை ஒரு வீட்டின் ஊடே போனால், தலைவாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு வீடாக அது கருதப்படும். தலைவாசலையே கோடு வெட்டிக்கொண்டு போகும் ஒரு வீட்டுக்கு இரு நாட்டுக் கதவு எண்களும் உண்டு.

பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் சேர்ந்த பெனலக்ஸ் சுங்க ஒன்றியம் 1948-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் சில காலம் பின்பும் வெண்ணெய்க் கடத்தல் அந்த வட்டாரத்தில் பேர்போன தொழில். இப்போது சுங்கம் கிடையாது. ஆனாலும் பட்டாசு விற்பனையைப் பாருங்கள்: நெதர்லாந்தில் ஆண்டு இறுதியின் சில நாட்கள் மட்டுமே மக்களுக்குப் பட்டாசு விற்கலாம் என்று விதி இருந்த காலம் முழுவதும், பெல்ஜியத் துண்டுகளில் இருந்த கடைகள் ஆண்டெல்லாம் திறந்திருந்தன. வாங்குவதில் தடை இல்லை. வாங்கியதை நெதர்லாந்து மண் வழியாக எடுத்துச் செல்வதுதான் குற்றம். பெல்ஜியத் துண்டைச் சுற்றி எங்கும் நெதர்லாந்து மண்தான் என்னும்போது இந்த விதியின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தளி மலைச்சாரல்

ஆசிரியர் ஐயா சொன்னதோடு இதையும் சேர்க்கலாம். 2020-இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, அதே பார்லேயில் ஒரு துணிக்கடையின் நடுவே எல்லை ஓடியதால், பெல்ஜியப் பாதியை நாடா கட்டி மூடிவிட்டு நெதர்லாந்துப் பாதியில் மட்டும் வியாபாரம் செய்தார்கள். நமக்கும் அந்த ஆண்டு இ-பாஸ் இல்லாமல் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டி வேலைக்குப் போக முடியாத நிலை இருந்தது. மாநிலக் கோடு என்று நாம் மறந்தே போயிருந்த ஒன்றின் குறுக்கே ஒரே வாரத்தில் தடுப்புக் கம்பி நின்றது.

ஜூஜூவாடிக்காரர்

அது உண்மை. எங்கள் ஊரில் அதைப் பார்த்தோம்.

ஒரு சந்தேகம். சோதனையை ஊருக்கு வெளியே தள்ளிவைத்துவிட்டு, இரு பக்கத்து மக்களையும் தெருவில் தாராளமாக நடமாட விடுவதில் என்ன கெட்டுவிடும்? அப்படி எங்கேயாவது செய்திருக்கிறார்களா?

தகடூர் ஆய்வு மாணவி

செய்திருக்கிறார்கள். பிரேசிலின் சந்தானா தோ லிவ்ரமேந்தோ நகரமும் உருகுவேயின் ரிவேரா நகரமும் ஒன்றோடொன்று ஒட்டியவை. இரண்டுக்கும் நடுவே 1943-இல் திறக்கப்பட்ட ஒரு பொதுப் பூங்கா இருக்கிறது, எல்லை அதன் ஊடே செல்கிறது. தெருவைக் கடக்க யாரும் ஆவணம் கேட்பதில்லை. ஊரைவிட்டு வெளியேறும் நெடுஞ்சாலைகளில்தான் சுங்கச் சாவடி இருக்கிறது. 1986 முதல் ரிவேராவில் வரியில்லாக் கடைகள் நடக்கின்றன. ஆனால் அவற்றில் வெளிநாட்டு அடையாள அட்டை உள்ளவர்கள்தான் வாங்க முடியும். பிரேசில்காரர் தெருவைக் கடந்து வந்து மலிவாக வாங்குவார். அதே தெருவில் குடியிருக்கும் உருகுவேக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான்.

ஜெர்மனியின் ஹெர்ட்சோகன்ராட், நெதர்லாந்தின் கெர்க்ராடே ஆகிய ஊர்களுக்கு இடையிலுள்ள தெரு இன்னொரு வகை. 1990-களின் தொடக்கம்வரை தெருவின் நடுவே, முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு சுவர் நீளமாக ஓடியது. குழந்தைகூடத் தாண்டிவிடலாம், ஆனால் தாண்டக்கூடாது. காப்பித்தூளும் சிகரெட்டும் அந்தச் சுவரைத் தாண்டிய கதைகள் அங்கே ஏராளம். சுவரை எடுத்து ஒரே சாலையாக்கிவிட்டார்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மீண்டும் சோதனை தொடங்கியிருக்கிறது. ஆனாலும் யாரும் சுவரைத் திரும்பக் கட்டவில்லை.

பாலக்கோடு ஆசிரியர்

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. இந்தியா–வங்கதேச எல்லையில் உள்ள எல்லைச் சந்தைகளில் முதலாவது 2011-இல் மேகாலயாவின் கலாய்ச்சரில் தொடங்கியது. ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசிப்பவர்கள் மட்டும் அடையாள அட்டையோடு வரலாம். குறிப்பிட்ட பொருள்களை, ஒரு நாளுக்கு ஒருவர் இவ்வளவுதான் என்ற வரம்புக்குள் சுங்கமின்றி வாங்கலாம். அந்த வரம்பைப் பிறகு 200 டாலர் மதிப்புவரை உயர்த்தினார்கள். எல்லையில் வாழ்பவரைத் தனி வகையாக மதித்து எழுதப்பட்ட சுங்க விதி இது. வழக்குரைஞர் காட்டிய கனடா விதியில் இல்லாதது இதுதான் என்பேன்.

ஓசூர் நூலக வாசகி

ஸ்டான்ஸ்டெட் என்றதும் ஹாஸ்கெல் நூலகத்தைப் பற்றி யாரேனும் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். அதே ஊரில், கனூசா தெருவிலிருந்து சிறிது தொலைவில், இரு நாட்டு மக்களுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே எல்லையின் மேலேயே 1904-ஐ ஒட்டிக் கட்டிய கட்டடம் அது. வாசிப்பறைத் தரையில் கறுப்புக் கோடு ஒன்று குறுக்காகப் போகும். மாடியிலுள்ள அரங்கின் மேடை கனடாவிலும், பெரும்பாலான இருக்கைகள் அமெரிக்காவிலும் இருக்கின்றன. வாசல் அமெரிக்கப் பக்கம். நூறாண்டுக்கு மேலாகக் கனடாவினர் நடைபாதை வழியாக நடந்து வந்து, யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய்ப் புத்தகம் எடுத்துத் திரும்பினார்கள். இது சட்டம் தந்த உரிமையன்று. அலுவலர்கள் அனுமதித்த வழக்கம்.

2025 மார்ச்சில் அமெரிக்க அரசு அந்த வழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. சில மாதங்கள் நூலக உறுப்பினர்களுக்கு மட்டும் விட்டுவைத்து, அக்டோபர் 1 முதல் அனைவரும் எல்லை வாயில் வழியாகவே வர வேண்டும் என்றார்கள். கனடாப் பக்கமிருந்த அவசரக் கதவை வாசலாக்கிக்கொண்டு நூலகம் தொடர்ந்து நடக்கிறது. ஜூஜூவாடி ஐயாவின் மருமகன் இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அக்கம்பக்கத்தார், 'இங்கே யாரும் கேட்பதில்லை, சும்மா வாருங்கள்' என்று சொல்லலாம். அது நேற்றைய நிலையாக இருக்கக்கூடும்.

சூளகிரி சரக்குந்து

வாசகி அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சோதனைச்சாவடியில் 'போ போ' என்று கையசைத்து அனுப்பியவர் மாற்றலாகிப் போய்விடுவார். அடுத்து வருபவர் புத்தகத்தைப் புரட்டுவார். வழக்கத்தை நம்பி லோடு ஏற்றினால் நட்டம் வண்டிக்காரனுக்குத்தான்.

ஜூஜூவாடிக்காரர்

அனைவருக்கும் நன்றி. இழையை அப்படியே மருமகனுக்கு அனுப்பினேன். வீட்டை எடுக்கப் போகிறார். எதிர் வரிசைக்குப் போகும் எண்ணமே இல்லை என்கிறார். ஒன்று மட்டும் கேட்கச் சொன்னார்: எதிர் வீட்டு அமெரிக்கர் நல்ல மனிதராம். அமெரிக்க இணையக் கடைகளில் வாங்கும் பொருளைத் தம் முகவரிக்கு வரவழைத்துக்கொள்ளச் சொல்லி, வந்ததும் தெருவின் நடுவே நின்று கைமாற்றித் தருவதாகச் சொல்கிறாராம். அப்படிச் செய்யலாமா?

கிருஷ்ணகிரி வழக்குரைஞர்

கூடாது. நடுக்கோட்டில் நின்று கைமாற்றினாலும் அந்தப் பெட்டி கனடாவுக்குள் இறக்குமதியாகிறது. அறிவிக்காமல் வாங்கினால் பொருள் பறிமுதலாகலாம், வாங்கியவர் பெயரிலும் நடவடிக்கை வரும். அந்த நல்ல மனிதர் முறைப்படி செய்ய விரும்பினால், பெட்டியைத் தாமே எடுத்துக்கொண்டு தெருமுனையிலுள்ள கனடா அலுவலகத்துக்குப் போய், விலைச்சீட்டைக் காட்டி, மருமகனுக்குரியது என்று அறிவித்து, வரியைக் கட்டிவிட்டுக் கொண்டுவந்து தர வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அவரை இப்படி நடக்கவைப்பதைவிட, கனடா முகவரிக்கே அனுப்பும் கடையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பெரிய கடைகள் பலவும் வரியைப் பணம் கட்டும்போதே சேர்த்து வாங்கிக்கொள்கின்றன. பெட்டி நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.